செவிநோய்க் குறியீடுகளின் பொருள்வரையறை: மருத்துவக் கட்டணக் கோரிக்கையின் மொழியும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

நோயறுதியைக் குறியீடாக மாற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டணம் கோரும் முறை, அமெரிக்க மருத்துவத் துறையின் அன்றாட நடைமுறையாகும். அப்பணியின் ஒரு பகுதி தமிழகத்தில் நடைபெறுகிறது. இம்முறையில் ஒரு சொல்லின் எண், ஐயம், இணைப்பு, விலக்கு ஆகிய இலக்கணக் கூறுகள் நேரடியான பொருளாதார விளைவைத் தருகின்றன. செவிநோய்ப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்விலக்கணக் கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது. நோய்ப்பெயர்களை மட்டும் தமிழாக்குவது போதாது. அப்பெயர்களின் எல்லையை வகுக்கும் விதிகளும் தமிழில் அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: செவிநோய், நோய்க்குறியீடு, கட்டணக் கோரிக்கை, பால்பகா அஃறிணைப் பெயர், ஐயம், உம்மை, கலைச்சொல்

முன்னுரை

சென்னை, கோவை, திருச்சி முதலிய நகரங்களில் 'மெடிக்கல் கோடிங்' என்னும் பணி இன்று பட்டதாரிகள் பலருக்கு வேலைவாய்ப்பாக அமைந்துள்ளது. அமெரிக்க மருத்துவர் எழுதிய நோயர் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைத் தேர்ந்தளிப்பது இப்பணியாகும். உயிரியல், மருந்தியல், செவிலியம் முதலிய துறைகளில் பயின்றோர் இதில் மிகுதியாக ஈடுபடுகின்றனர். எனினும் பணியின் உள்ளியல்பை நோக்கினால் அஃது ஒரு பனுவலைப் பொருள்கொள்ளும் பணி என்பது புலனாகும். ஒரு சொல் எதைச் சுட்டுகிறது, எதைச் சுட்டவில்லை, எழுதியவர் துணிந்து கூறினாரா ஐயுற்றுக் கூறினாரா என்னும் வினாக்களே குறியீட்டாளரின் முன்நிற்பவை. இவை தமிழ் இலக்கண, உரை மரபுகள் நெடுங்காலம் ஆராய்ந்த வினாக்களுமாகும்.

நோய்க்குறியீட்டு நூலில் பல இயல்கள் உள்ளன. அவற்றுள் செவி பற்றிய இயலை இக்கட்டுரை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. செவி இணையுறுப்பு ஆதலால் எண்ணும் பக்கமும் இன்றியமையாதனவாகின்றன. செவிநோய்கள் பலவற்றை நோயர் தம் சொல்லால் மட்டுமே உணர்த்த முடியும் என்பது மற்றொன்று. காதிரைச்சலைப் பெரும்பாலும் பிறர் கேட்க இயலாது. தலைச்சுற்றலைப் பிறர் காண இயலாது.

வகைப்பாட்டின் வரலாறும் செவியின் இடமும்

இறப்புக் காரணங்களை நாடுகள்தோறும் ஒரே முறையில் தொகுக்கும் நோக்குடன், 1893ஆம் ஆண்டு பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தின் சிகாகோ கூட்டத்தில் ழாக் பெர்த்தியோன் ஒரு பட்டியலை முன்வைத்தார். அதுவே காலந்தோறும் திருத்தப்பெற்று, 1948இல் ஆறாம் திருத்தத்தின்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. இறப்பைக் கணக்கிடப் பிறந்த பட்டியல் அப்போது நோய்களையும் கணக்கிடும் நூலாக விரிந்தது. ஒன்பதாம் திருத்தத்தில் செவிநோய்களுக்குத் தனி இயல் இல்லை. நரம்பு மண்டலமும் புலனுறுப்புகளும் சேர்ந்த இயலுள் அவை அடங்கின. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தமான ஐ.சி.டி.-10, செவியையும் செவிப்பின்னெலும்பாகிய முலையுருவெலும்பையும் இணைத்து எட்டாம் இயலைத் தனியே வகுத்தது.

இவ்வியலின் குறியீடுகள் ஆங்கில 'எச்' எழுத்தில் தொடங்கி 60 முதல் 95 வரை செல்கின்றன. அதே எழுத்தின் முற்பகுதி கண்ணுக்கு உரியது. எச்60 முதல் எச்62 வரை புறச்செவி. எச்65 முதல் எச்75 வரை நடுச்செவியும் முலையுருவெலும்பும். எச்80 முதல் எச்83 வரை உட்செவி. அதற்கு மேற்பட்டவை கேளாமை, காதுவலி, சீழ்வடிதல், காதிரைச்சல் முதலான பிற. ஒலி புகும் வழியையே பகுப்பின் வரிசையாகக் கொண்டமை இதன் சிறப்பு. ஆனால் இறுதிப் பகுதியில் இடமுறைப் பகுப்பு மாறி, நோயர் உணரும் குறிகள் தலைப்புகளாகின்றன. காரணம் அறியப்பட்ட நோயும், காரணம் அறியப்படாத குறியும் ஒரே இயலில் அருகருகே நிற்பதை இங்குக் காண்கிறோம். குறியீட்டுச் சிக்கல்கள் பலவற்றுக்கு இவ்விரட்டை அடிப்படையே தோற்றுவாய் எனலாம்.

அமெரிக்கா இந்நூலைத் தன் தேவைக்கேற்ப விரித்து 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. முன்னர் ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய்க்குறியீடுகள் 68,000க்கும் மேற்பட்டனவாகப் பெருகின. பெருக்கத்திற்கான பெருங்காரணங்களுள் ஒன்று, வலம், இடம், இருபுறம் என்னும் பக்கப் பகுப்பாகும். இக்கட்டுரையில் பக்கத்தைச் சுட்டும் குறியீடுகளாகக் காட்டப்படுபவை இவ்வமெரிக்கப் பதிப்புக்கு உரியவை.

குறியீடும் கட்டணமும் இணையும் முறை

கட்டணக் கோரிக்கையில் இருவகைக் குறியீடுகள் இடம்பெறுகின்றன. நோய் யாது என்பதை ஐ.சி.டி. குறியீடு கூறும்; மருத்துவர் செய்தது யாது என்பதை, அமெரிக்க மருத்துவக் கழகம் 1966 முதல் வெளியிட்டுவரும் சி.பி.டி. என்னும் செயல்முறைக் குறியீடு கூறும். கோரிக்கைப் படிவத்தில் ஒவ்வொரு செயலும் எந்த நோயின்பொருட்டுச் செய்யப்பட்டது எனச் சுட்டப்பட வேண்டும். செயலுக்கும் காரணத்திற்கும் பொருத்தம் இல்லையெனில் காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுக்கலாம்.

குறும்பி நீக்கம் இதற்கு எளிய சான்று. வலக்காதில் குறும்பி இறுகி அடைத்திருப்பின் நோய்க்குறியீடு எச்61.21. கருவிகொண்டு நீக்கினால் செயல்முறைக் குறியீடு 69210. நீர் பீய்ச்சி நீக்கினால் 69209. ஒரே காதுக்கு இரண்டையும் கோர இயலாது. குறும்பி இறுகியிராமல், வெறுமனே காணப்பட்டு அகற்றப்பட்டதாயின் இவ்விரு குறியீடுகளுமே பொருந்தா. அது மருத்துவர் நோயரைப் பார்த்த பொதுக் கட்டணத்துள் அடங்கிவிடும். ஆகவே 'குறும்பி நீக்கப்பட்டது' என்னும் தொடருக்கும் 'இறுகிய குறும்பி கருவியால் நீக்கப்பட்டது' என்னும் தொடருக்கும் உள்ள வேறுபாடு வெறும் நடைவேறுபாடு அன்று. 'இறுகிய' என்னும் பெயரெச்சம் தனிக்கட்டணத்திற்கு வழிகோலுகிறது. அப்பெயரெச்சத்தைக் குறியீட்டாளர் தாமே சேர்த்தால் அது பொய்க்கோரிக்கையாகும்; மருத்துவர் எழுத மறந்தால் செய்த வேலைக்கு ஊதியம் இல்லை.

நோக்கமும் பொருளைத் தீர்மானிக்கிறது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடாகிய மெடிகேர், அதன் மரபான திட்டத்தில் காதுக்கருவிக்கும் கருவி பொருத்துவதற்கான செவிச்சோதனைக்கும் தொகை வழங்குவதில்லை. ஆனால் நோயை அறியும்பொருட்டு மருத்துவர் பணித்த செவிச்சோதனைக்கு வழங்குகிறது. சோதனை ஒன்றே, 'பொருட்டு' என்னும் சொல்லுக்கு முன் எது வருகிறது என்பதே முடிவை மாற்றுகிறது.

எண்ணும் பக்கமும்

தமிழில் 'காது' பால்பகா அஃறிணைப் பெயராகும். 'காது கேட்கவில்லை' என ஒருவர் கூறினால் ஒரு காதா, இரு காதுகளா என்பது அத்தொடரால் புலப்படாது. 'கண் தெரியவில்லை', 'கால் வலிக்கிறது' என்பனவும் அத்தகையவே. சூழலும் கேட்போர் வினாவுமே எண்ணைத் தெளிவிக்கும். இது மொழியின் குறையன்று; இணையுறுப்பை ஒரு புலனாகக் கருதும் இயல்பான வழக்கு.

அமெரிக்கக் குறியீட்டு முறையோ எண்ணைக் கூறாமல் விடுவதையும் ஒரு கூற்றாகப் பதிவு செய்கிறது. வகை சுட்டாத கேளாமையில், இருபுறம் எனில் எச்91.93, காது குறிப்பிடப்படாவிடில் எச்91.90. காதிரைச்சலுக்கு வலம் எச்93.11, இடம் எச்93.12, இருபுறம் எச்93.13, சுட்டாதது எச்93.19. சுட்டாத குறியீட்டைக் கண்டால் காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்கவோ மறுக்கவோ இடமுண்டு. ஒரு காது மட்டும் கேளாதபோது மற்றைக் காதின் நிலையும் வினவப்படுகிறது: மற்றைக் காது நன்கு கேட்குமாயின் ஒரு குறியீடு, அதுவும் வேறு வகையில் குறைவுற்றிருப்பின் வேறு குறியீடு.

தமிழ் பேசும் நோயரின் கூற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதும் எவரும் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமை எழுதினால் ஒரு காது என்றும் பன்மை எழுதினால் இரு காதுகள் என்றும் பொருள்படும். பால்பகாப் பெயரைப் பெயர்க்கும்போது பெயர்ப்பாளர் தம்மையறியாமல் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார். நோயர் கூறாத செய்தி ஆவணத்தில் புகுந்துவிடுகிறது.

'உம்' என்னும் இணைப்பு

தொல்காப்பிய இடையியல் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களை வகுத்துள்ளது. ஓர் இணைப்புச்சொல் இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடும் என்னும் அக்கருத்து, குறியீட்டு நூலைப் பொருள்கொள்ளவும் துணைசெய்கிறது. அமெரிக்கக் குறியீட்டு நெறிமுறைகள், தலைப்புகளில் வரும் ஆங்கில இணைப்பிடைச்சொல்லை 'உம்' எனவோ 'அல்லது' எனவோ கொள்ள வேண்டும் என விதிக்கின்றன.

எச்90 என்னும் தலைப்பு இதனைத் தெளிவாக்கும். ஒலி உட்செவியை அடையும் வழியில் தடை நேர்வதால் வருவது கடத்தல் கேளாமை. உட்செவியோ செவிநரம்போ பழுதுறுவதால் வருவது உணர்நரம்புக் கேளாமை. எச்90இன் ஆங்கிலத் தலைப்பு இவ்விரண்டையும் இணைப்புச்சொல்லால் சேர்த்துக் கூறுகிறது. அங்கு இணைப்பு, இரண்டுள் ஒன்று என்னும் பொருளது. அதே தலைப்பின்கீழ் எச்90.6 இருபுறக் கலப்புக் கேளாமையைச் சுட்டும்போது, அதே இணைப்புச்சொல் இரண்டும் ஒருங்கே உள்ளன என்னும் பொருளைத் தருகிறது. 'கலப்பு' என்னும் அடையே வேறுபாட்டை உணர்த்துகிறது.

இத்தலைப்பைத் தமிழாக்குவோர் 'கடத்தல் கேளாமையும் உணர்நரம்புக் கேளாமையும்' என எண்ணும்மை கொடுத்தால், இரண்டும் உடையவரே இதன்கண் அடங்குவர் என மயங்க நேரும். 'மற்றும்' என எழுதினும் அதே மயக்கம் தொடரும். 'கடத்தல் அல்லது உணர்நரம்புக் கேளாமை' எனத் தலைப்பிலும், 'இரண்டும் கலந்த கேளாமை' என உட்பிரிவிலும் அமைப்பதே பொருளுக்கு இயைந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இங்குப் பிழையை விளைவிக்கும்.

ஐயமும் துணிபும்

குறியீட்டு நெறிமுறைகளுள் மொழியியல் நோக்கில் மிக முதன்மையானது ஐயத்தைப் பற்றிய விதி. வெளிநோயர் ஆவணத்தில் மருத்துவர் ஒரு நோயை 'இருக்கலாம்', 'ஐயுறப்படுகிறது', 'அன்றெனத் தெளிய வேண்டும்' என்று எழுதியிருந்தால் அந்நோய்க்குக் குறியீடு இடலாகாது. அப்போது அறியப்பட்ட குறிகளுக்கே குறியீடு இட வேண்டும். தலைச்சுற்றல், காதிரைச்சல், கேளாமை மூன்றும் உடைய ஒருவருக்கு மருத்துவர் 'மெனியர் நோயாக இருக்கலாம்' என எழுதினார் எனக் கொள்வோம். மெனியர் நோய்க்குரிய எச்81.0 என்னும் பிரிவு இங்குப் பொருந்தாது. மூன்று குறிகளும் தனித்தனியே குறிக்கப்பெறும். ஆனால் மருத்துவமனையில் உள்நோயராக இருந்தவர் வீடு திரும்பும்போது எழுதப்படும் இறுதி நோயறுதியில் அதே ஐயச்சொல் இருப்பின், நோய் உள்ளதாகவே கொண்டு குறியீடு இடப்படும்.

ஒரே வினைமுற்று இடவேறுபாட்டால் ஐயமாகவும் துணிபாகவும் கொள்ளப்படுவதை இங்குக் காண்கிறோம். இவ்விதிக்கு மனிதநேய அடிப்படையும் உண்டு. ஐயுற்ற நோய் ஒருமுறை குறியீடாகிவிட்டால் அது நோயரின் நிலையான பதிவாகிவிடும். பின்னர் அந்நோய் இல்லையெனத் தெளிந்தாலும் பழைய கோரிக்கை ஆவணங்களில் அப்பெயர் எஞ்சி நிற்கும். எண்ணாலாகிய குறியீட்டில் 'கொல்' என்னும் இடைச்சொல்லுக்கு இடமில்லை, 'எச்81.0 கொல்' என எழுத இயலாது. ஐயத்தை ஏந்த இயலாத வடிவத்தில் ஐயத்தை இடாமல் இருப்பதே நேர்மை என இவ்விதி கருதுகிறது.

தமிழ் மருத்துவ எழுத்தில் 'இருக்கலாம்', 'இருக்கக்கூடும்', 'போலத் தோன்றுகிறது', 'எனக் கருதப்படுகிறது' என்பன வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. இவற்றுள் எவை ஐயம், எவை துணிபு என்னும் வரையறை கலைச்சொல் தொகுப்புகளில் இடம்பெற வேண்டிய செய்தியாகும்.

விலக்கும் வருவித்துரைத்தலும்

குறியீட்டு நூலில் விலக்கு இருவகைப்படும். முதல்வகை, இரண்டையும் ஒருங்கே இடலாகாது என்பது. பொதுவான தலைச்சுற்றலைச் சுட்டும் ஆர்42, உட்செவிச் சமநிலைக் கோளாறுகளைச் சுட்டும் எச்81 ஆகியன இத்தகையன. காரணம் அறியப்பட்ட பின் குறி தனித்து நிற்பதில்லை. இரண்டாம் வகை, இந்நோய் இப்பிரிவில் அடங்காது, எனினும் நோயருக்கு இரண்டும் இருப்பின் இரண்டையும் இடலாம் என்பது. இவற்றை முறையே 'உடனிலை மறுக்கும் விலக்கு', 'உடனிலை ஏற்கும் விலக்கு' எனத் தமிழில் வழங்கலாம். 'நீங்கலாக' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தால் விதியே மறைந்துவிடும்.

விலக்கைப் போலவே சேர்க்கைக்கும் முறை உண்டு. நாட்பட்ட நடுச்செவிச் சீழழற்சியுடன் செவிப்பறைத் துளையும் இருப்பின், அழற்சிக் குறியீட்டை முதலிலும் துளைக்குரிய எச்72ஐ அடுத்தும் இட வேண்டும். கடுமையான சீழழற்சியில் பறை தானே கிழிந்திருப்பின் ஒரே குறியீடு இரண்டையும் உள்ளடக்கும். அங்கு எச்72ஐச் சேர்ப்பது கூறியது கூறலாகும்.

உரையாசிரியர் மூலத்தில் இல்லாத சொல்லை வருவித்துரைக்கலாம். அது நம் உரைமரபு ஏற்ற உத்தி. குறியீட்டாளருக்கு அவ்வுரிமை இல்லை. செவிச்சோதனை வரைபடத்தைக் கண்டு கேளாமையின் வகையை அவரே உய்த்துணர்ந்தாலும், மருத்துவர் அதனை நோயறுதியாக எழுதாதவரை குறியீடு இட இயலாது. மருத்துவரிடம் வினவி விடைபெறுவதே வழி. அவ்வினாவும் விடையை உள்ளடக்கியதாக, விரும்பிய மறுமொழியைத் தூண்டுவதாக அமைதல் கூடாது.

நோயரின் சொல்

இதுவரை கண்டவை மருத்துவரின் எழுத்துக்கும் குறியீட்டுக்கும் இடைப்பட்ட உறவு. அவ்வெழுத்துக்கும் முற்பட்டது நோயரின் சொல். தமிழகத்தில் மருத்துவக் குறிப்புகள் பெரிதும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. நோயரோ தமிழில் கூறுகிறார். இடைப்பட்ட பெயர்ப்பு எழுதப்படாமலேயே நிகழ்கிறது.

'மயக்கமாக வருகிறது' என்னும் தொடரை நோக்குக. சுற்றுவதுபோன்ற உணர்வையும், கண் இருண்டு தள்ளாடுவதையும், நினைவிழந்து விழுவதையும் பேச்சுத்தமிழ் 'மயக்கம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டும். குறியீட்டு நூலில் தலைச்சுற்றல் ஆர்42, நினைவிழப்பு ஆர்55, உட்செவிக் கோளாறு எச்81. முதலாவதும் மூன்றாவதும் செவி மருத்துவரை நோக்கிச் செலுத்தக்கூடியவை. இரண்டாவது இதயத்தை ஆராயத் தூண்டக்கூடியது. 'கிறுகிறுப்பு', 'தலைசுற்றல்', 'கண்ணிருட்டல்', 'நினைவு தப்புதல்' எனத் தமிழில் வேறுபடுத்தும் சொற்கள் இருந்தும், பொதுச்சொல்லே முந்துகிறது. 'காது அடைப்பு' என்பதும் இத்தகையது. இறுகிய குறும்பி, நடுச்செவியில் நீர் தேங்குதல், தொண்டைச்செவிக் குழல் கோளாறு, திடீர்க் கேளாமை ஆகிய நான்கையும் அச்சொல் தாங்கும். இவற்றுள் திடீர்க் கேளாமை விரைந்து மருத்துவம் பெற வேண்டியது. அடைப்புத்தானே எனச் சில நாள் காத்திருப்பது செவித்திறனை நிலையாக இழக்கச் செய்யலாம்.

எனவே சொல்லின் எல்லை பற்றிய ஆராய்ச்சி கட்டணத்தோடு நின்றுவிடுவதில்லை. நோயர் எந்த மருத்துவரிடம், எவ்வளவு விரைவில் செல்கிறார் என்பதையும் அது தொடுகிறது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் மேற்கொள்ள வேண்டுவன

2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11இல் பக்கத்தைச் சுட்டும் நீட்சிக் குறியீடுகள் உள்ளன. 2024 சனவரியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ச்சொற்களுக்கான பகுதியும் அதனோடு இணைக்கப்பெற்றது. தமிழ் வழங்கும் மருத்துவ மரபொன்று பன்னாட்டு வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ள இந்நிலையில், மேற்கண்ட சிக்கல்கள் அமெரிக்கக் கட்டண முறைக்கு மட்டும் உரியன என ஒதுக்க இயலாது.

கலைச்சொல் தொகுப்பு ஒவ்வொரு நோய்ச்சொல்லுக்கும் நான்கு செய்திகளை வழங்குதல் வேண்டும். ஒன்று, அச்சொல் நோயைச் சுட்டுவதா, குறியைச் சுட்டுவதா. இரண்டு, எண்ணும் பக்கமும் தேவைப்படும் சொல்லா. மூன்று, அதனோடு உடன்வரத் தக்கனவும் தகாதனவும் எவை. நான்கு, மக்கள் வழக்கில் அதற்கு இணையாகவோ அதனைவிட விரிந்த பொருளிலோ வழங்கும் சொற்கள் எவை. இவற்றுள் நான்காவதைத் திரட்டும் பணி மருத்துவரால் மட்டும் இயல்வதன்று. வட்டார வழக்கும் பொருண்மையியலும் அறிந்த தமிழாய்வாளரின் பங்கும் அதற்கு வேண்டும்.

முடிவுரை

செவிநோய்க் குறியீடுகள் எண்களாகத் தோன்றினும், அவை ஒவ்வொன்றும் பக்கமும் எண்ணும் துணிபும் விலக்கும் உள்ளடங்கிய சுருங்கிய தொடர்களே. 'இறுகிய' என்னும் ஓர் அடை கட்டணத்தை மாற்றுவதும், 'இருக்கலாம்' என்னும் ஒரு முற்று நோயின் பெயரைத் தடுப்பதும், இணைப்புச்சொல் ஒரே தலைப்பின்கீழ் இருபொருள் தருவதும் இக்கட்டுரையில் காட்டப்பெற்றன. தமிழின் பால்பகாப் பெயரும் 'மயக்கம்', 'அடைப்பு' போன்ற விரிந்த பொருட்சொற்களும் இம்முறையை எதிர்கொள்ளும்போது செய்தி இழக்கப்படுகிறது அல்லது கூறாத செய்தி சேர்க்கப்படுகிறது. பெயரோடு எல்லைவிதியையும் வகுத்தளிக்கும் கலைச்சொல்லாக்கமே இவ்விரு பிழைகளையும் குறைக்கும். பிற இணையுறுப்பாகிய கண்ணின் நோய்ச்சொற்களையும், சித்த மருத்துவச் செவிநோய்ப் பெயர்களையும் இம்முறையில் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.